மீன் விட்ட கிணறு

ஜமுனாமரத்தூரில் நாங்கள் வாடகைக்கு இருந்த வீட்டுக்குப் பின்னால் ஒரு கிணறு உண்டு. வீட்டுக்கார ஆயாவின் கிணறு. அப்பாவுக்கு அங்கே பழங்குடியினர் உண்டு உறைவிடப் பள்ளியில் ஆசிரியர் வேலை. போளூரிலிருந்து மலையேறி வந்த குடும்பம் நாங்கள். ஆயா மலையாளிப் பழங்குடி. கேரளத்துக்கும் அவருக்கும் சம்பந்தமில்லை. ஜவ்வாது, கல்வராயன், சேர்வராயன் மலைகளில் வாழ்கிறவர்களுக்கும் அந்தப் பெயர்தான்.

அந்தக் கிணற்றில் எப்போதும் நாலைந்து மீன்கள் இருக்கும். கோமுட்டேரியில் பிடித்து வந்து விட்டவை. கொசுப்புழுவைத் தின்னும் என்பதற்காக விட்டிருக்கிறார்கள் என்று அம்மா சொல்வார். ஆயா சொன்ன காரணம் வேறு. காலையில் முதல் குடம் இறைப்பதற்கு முன்னால் உள்ளே எட்டிப் பார்ப்பார். "மீனு ஆடுதா பாருடா. ஆடுச்சுன்னா குடிக்கலாம்."

எனக்கு அப்போது பதினோரு வயது. பக்கத்துக் கொல்லையில் தக்காளிக்கு மருந்து அடித்த அண்ணன் ஒருவர், டேங்க்கைக் கழுவித் தரச் சொல்லி இரண்டு ரூபாய் கொடுத்தார். கொல்லைக் கடைசிக்கு எடுத்துப்போய்க் கழுவு என்றுதான் சொன்னார். தண்ணீர் கிணற்றில் இருக்கும்போது எதற்கு அவ்வளவு தூரம் குடம் தூக்க வேண்டும்? கிணற்று மேடையிலேயே வைத்துக் கழுவிவிட்டேன். மேடையில் வெடிப்பு இருந்ததோ, அந்தத் தண்ணீர் திரும்ப உள்ளேதான் இறங்கும் என்பதோ என் புத்தியில் ஏறவில்லை.

மறுநாள் காலை ஆயா எட்டிப் பார்த்தார். மீன்கள் வயிறு வெளுத்து மிதந்தன.

அன்று யாரும் அந்தத் தண்ணீரைக் குடிக்கவில்லை. ஆயில் இன்ஜின் வைத்து இரண்டு நாள் இறைத்தார்கள். செத்த மீன்களை ஆயா முருங்கை மரத்தடியில் புதைத்தார். "நம்ம உசுர காப்பாத்திட்டுப் போயிடுச்சுங்க" என்று எல்லோரிடமும் சொன்னார். என்னை யாரும் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. கொஞ்ச நாள் கழித்துப் புது மீன்கள் வந்தன. அவ்வளவுதான்.

அது என்ன மருந்து என்று எனக்குத் தெரியாது. அந்தக் காலத்தில் எங்கும் கிடைத்த எண்டோசல்ஃபான் மீன்களுக்குக் கொடிய விஷம் என்றும், 2011இல் உச்ச நீதிமன்றம் அதைத் தடை செய்தது என்றும் பின்னால் படித்தேன். அதுவாக இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். எனக்குப் புரிந்தது ஒன்றுதான். தண்ணீரில் விஷம் இருக்கிறது என்று மீன் சொன்னது. யார் ஊற்றியது என்று அதனால் சொல்ல முடியவில்லை. அந்த இடைவெளியில் நான் தப்பித்தேன்.

2

இருபத்தைந்து வருடம் கழித்து அந்தக் கிணறு திரும்ப ஞாபகம் வந்தது ஒரு சிப்பியின் படத்தைப் பார்த்தபோது.

சென்னையில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் வேலை செய்கிறேன். சர்வர்கள் ஒழுங்காக ஓடுகின்றனவா என்று கண்காணிக்கும் அமைப்புகளை எழுதுவது என் வேலை. எங்காவது கோளாறு என்றால் நடுராத்திரியில் யாராவது ஒருவருடைய போன் அடிக்க வேண்டும். பல ராத்திரிகளில் அந்த யாராவது நான்தான். சென்சார்களைப் பற்றி எதையோ தேடிக்கொண்டிருந்தபோது அந்தப் படம் கண்ணில் பட்டது. ஒரு சிப்பி. அதன் இரண்டு ஓடுகளிலும் பட்டாணி அளவுக்கு ஏதோ ஒட்டியிருக்கிறது. அவற்றிலிருந்து தலைமுடி போல் மெல்லிய கம்பிகள் போகின்றன.

பிரான்சில் ஆர்க்கஷோன் என்ற கடற்கரை ஊரில் ஷான்-ஷார்ல் மாசாபுவோ, டாமியன் டிரான் போன்ற விஞ்ஞானிகள் உருவாக்கிய முறை அது. சிப்பி நிம்மதியாக இருந்தால் பெரும்பாலான நேரம் ஓட்டைத் திறந்தே வைத்திருக்கும். மூச்சுக்கும் சாப்பாட்டுக்கும் தண்ணீர் உள்ளே போய் வர வேண்டுமே. தண்ணீரில் வேண்டாதது கலந்தால் மூடிக்கொள்ளும், அல்லது திறந்து மூடும் தாளம் குழம்பும். இரண்டு ஓடுகளுக்கும் நடுவில் உள்ள தூரத்தை மின்காந்த முறையில் இரவு பகலாக அளந்து ஆய்வகத்துக்கு அனுப்புகிறார்கள். வட துருவத்துக்குப் பக்கத்தில் ஸ்வால்பார்ட் தீவில் நி-ஓலசுண்ட் என்ற ஊரின் கடலிலும் இப்படிச் சிப்பிகளை வைத்திருக்கிறார்கள். இந்தியாவின் ஹிமாத்ரி ஆய்வு நிலையம் 2008 முதல் இருப்பது அதே ஊரில்தான். நார்வேயின் ஸ்டாவாங்கரில் உருவான பயோட்டா கார்ட் என்ற அமைப்பு இன்னும் ஒரு படி மேலே போய், சிப்பியின் இதயத் துடிப்பையும் சேர்த்து அளந்தது. எண்ணெய்க் கிணறுகளில் கசிவு வந்தால் உடனே தெரிந்துகொள்வதுதான் அதன் நோக்கம்.

துருவக் கடலில் எதற்குச் சிப்பி? மற்ற கண்களுக்கு அங்கே வேலையில்லை. எண்ணெய் கசிந்தால் கடற்பனிக்கு அடியில் பரவும், செயற்கைக்கோளுக்குத் தெரியாது. மாதக்கணக்கில் சூரியன் வராத இரவு, விமானத்திலிருந்தும் பார்க்க முடியாது. குளிரில் எண்ணெய் சீக்கிரம் ஆவியாகாது, நுண்ணுயிர்கள் அதைத் தின்று முடிக்க நெடுநாள் ஆகும். அந்த இருட்டில் தண்ணீரோடு எப்போதும் தொட்டுக்கொண்டிருப்பது தரையில் கிடக்கும் சிப்பிதான்.

இன்னொரு காரணமும் உண்டு. எண்ணெயில் இருக்கும் நச்சு ஹைட்ரோகார்பன்கள் மீனின் உடலுக்குள் போனால் அதன் கல்லீரல் அவற்றைச் சிதைத்து வெளியேற்றிவிடும். சிப்பிக்கு அந்தத் திறமை மிகக் குறைவு. மணிக்கு லிட்டர் கணக்கில் தண்ணீரை வடிகட்டும். அதிலிருந்த விஷம் அதன் கொழுப்பில் அப்படியே தங்கிவிடும். இதனால்தான் 1975இல் எட்வர்ட் கோல்ட்பர்க் என்ற கடல் வேதியியலாளர், உலகக் கடற்கரைகளின் மாசை அளக்கச் சிப்பிகளையே பயன்படுத்தலாம் என்றார். 'மஸ்ஸல் வாட்ச்' என்ற பெயரில் அமெரிக்காவில் அது 1986 முதல் நடக்கிறது. தன்னைக் கழுவிக்கொள்ளத் தெரியாததால்தான் சிப்பி நல்ல சாட்சி.

1989 ஜனவரி 28 அன்று அண்டார்டிகாவில் அமெரிக்காவின் பால்மர் நிலையத்துக்குப் பக்கத்தில் பாஹியா பராய்சோ என்ற அர்ஜென்டினாக் கப்பல் பாறையில் மோதியது. சுமார் 6 லட்சம் லிட்டர் எண்ணெய், பெரும்பாலும் டீசல், கடலில் கலந்தது. மேலே மிதந்த படலம் கொஞ்ச நாளில் கலைந்துவிட்டது. எண்ணெய் எங்கெல்லாம் போனது என்பதைக் காட்டிக்கொடுத்தது, பாறையில் தொப்பியைக் கவிழ்த்தாற்போல் ஒட்டியிருக்கும் சின்னக் கடல் நத்தைகள். நிறைய செத்தன. மிச்சமிருந்தவற்றின் உடலில் எண்ணெய் இருந்தது.

3

இதையெல்லாம் படிக்கும்போது முதலில் வியப்புதான் வந்தது. எவ்வளவு அழகான டிசைன் என்று. அப்புறம் ஆயா புதைத்த மீன்கள் ஞாபகம் வந்தன. ஒரு உயிரை, அது படும் பாட்டை நம் அளவுகோலாக வைத்துக்கொள்வது சரிதானா?

எங்கள் ஜவ்வாது மலையிலேயே காவலூரில் வைணு பாப்பு வானாய்வகம் இருக்கிறது. 1986 முதல் அங்கே 2.34 மீட்டர் தொலைநோக்கி வானத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறது. நட்சத்திரத்துக்கு அதனால் ஒரு நஷ்டமும் இல்லை. வந்து விழுகிற வெளிச்சத்தை வாங்கிக்கொள்கிறோம். சிப்பி விஷயம் அப்படியல்ல. இங்கே கருவியே பாதிக்கப்பட வேண்டும். அது பாதிக்கப்படுவதுதான் சேதி.

சிப்பிக்கு மூளை கிடையாது, சில நரம்பு முடிச்சுகள்தான், அதற்கு என்ன வலி தெரியப்போகிறது என்று கேட்கலாம். நல்ல கேள்வி. விலங்குகளுக்காக வாதாடிய பீட்டர் சிங்கரே இதில் தடுமாறியவர். 1975இல் வந்த தன் புத்தகத்தில் இறாலுக்கும் சிப்பிக்கும் நடுவில் எங்கோ கோடு போட்டார். பிந்தைய பதிப்பில் சந்தேகம் இருப்பதால் சிப்பியையும் விட்டுவிடுவதே மேல் என்று மாற்றிக்கொண்டார். நம்மிடம் இதைவிடப் பழைய கணக்கு ஒன்று இருக்கிறது. தொல்காப்பியத்தின் மரபியல் உயிர்களை அறிவின் எண்ணிக்கையால் பிரிக்கும்போது, நந்து, முரள் என்று நத்தையையும் சிப்பி வகையையும் ஈரறிவில் வைக்கிறது. தொடுதலும் சுவைத்தலும். எண்ணெய் கலந்த தண்ணீரை அறிய அந்த இரண்டும் போதும். நாம் கடன் வாங்குவதும் அந்த இரண்டைத்தான்.

வலிக்கிறதா இல்லையா என்பதை என்னால் தீர்க்க முடியாது. அதைத் தீர்த்த பிறகுதான் மற்றதைப் பேச வேண்டும் என்றும் தோன்றவில்லை. காவலுக்கு வைத்தவர் காவலுக்கு நிற்கிற உயிருக்கு என்ன செய்யக் கடமைப்பட்டவர் என்று கேட்டால் கொஞ்சம் வெளிச்சம் கிடைக்கிறது.

நிலக்கரிச் சுரங்கத்துக் கேனரிக் குருவிகள் கதை எல்லோருக்கும் தெரியும். கார்பன் மோனாக்சைடைக் கண்டுபிடிக்கக் குருவிகளைக் கொண்டுபோகலாம் என்று ஜான் ஸ்காட் ஹால்டேன் 1890களில் சொன்னார். பிரிட்டன் சுரங்கங்களில் அவற்றை விலக்கும் முடிவு 1986இல்தான் வந்தது. பலருக்குத் தெரியாத ஒன்று: சில கூண்டுகளின் மேல் ஒரு சின்ன ஆக்சிஜன் உருளை இருக்கும். குருவி மயங்கி விழுந்தால் கதவை மூடி வால்வைத் திறப்பார்கள். குருவி பிழைக்கும். சுரங்கத்தை விட்டு ஓடுகிற அவசரத்திலும் ஒரு கை அந்த வால்வுக்குப் போயிருக்கிறது.

போலந்தின் வார்சா நகரில் விஸ்துலா ஆற்றிலிருந்து குடிநீர் எடுக்கும் நிலையத்தில் எட்டுச் சிப்பிகள் வேலை பார்க்கின்றன. அவை சேர்ந்தாற்போல் ஓட்டை மூடினால் எச்சரிக்கை போய்த் தண்ணீர் எடுப்பது நிற்கும். சுமார் மூன்று மாதம் ஆனதும் அவற்றை எடுத்த இடத்துக்கே கொண்டுபோய் விட்டுவிடுகிறார்கள். மறுபடி பிடித்துவிடக் கூடாது என்று அடையாளமும் போடுகிறார்கள்.

இந்த இரண்டிலும் எனக்கு முக்கியமாகப் படுவது ஒன்றுதான். எச்சரிக்கை ஒரு வால்வோடு இணைக்கப்பட்டிருக்கிறது. சிப்பி மூடினால் எதுவோ நிற்கிறது.

எங்கள் தொழிலிலும் இதற்கு ஒரு விதி உண்டு. அலர்ட் அடித்தால் என்ன செய்ய வேண்டும் என்று எழுதி வைக்காமல் அலர்ட் வைக்காதே. செய்ய ஒன்றுமில்லாத அலர்ட்டை நாலு நாளில் மியூட் பண்ணிவிடுவார்கள். நானே பண்ணியிருக்கிறேன். புது மென்பொருளை முதலில் நூற்றில் ஐந்து பேருக்கு மட்டும் திறந்துவிட்டு, அவர்களுக்குக் கெட்டுப்போகிறதா என்று பார்க்கும் வழக்கத்துக்கு எங்கள் ஆட்கள் 'கேனரி' என்றே பெயர் வைத்திருக்கிறார்கள். அந்த ஐந்து பேரிடம் யாரும் கேட்பதில்லை. அவர்களுக்குக் கோளாறு வந்த நிமிடமே பழைய வடிவத்துக்குத் திரும்ப ஒரு பட்டன் தயாராக இருக்கிறது என்பதுதான் எங்களுக்கு இருக்கிற ஒரே நியாயம். அந்த பட்டன் இல்லையென்றால் அது சோதனை இல்லை, அவர்கள் தலையில் கட்டுவது.

4

இந்த விதியை வைத்துத் துருவக் கடலைப் பார்த்தால் சங்கடமாக இருக்கிறது. பனிக்கு அடியில் சிக்கிய எண்ணெயை முழுவதும் அள்ளி எடுக்கும் வழி இன்றுவரை யாரிடமும் இல்லை. கசிகிற குழாயை மூடலாம். அதற்குச் சிப்பியின் எச்சரிக்கை நிச்சயம் உதவும், சேதம் குறையும். ஏற்கெனவே பரவியதற்குப் பதில் கிடையாது. ஆனால் 'எங்களிடம் இருபத்து நாலு மணி நேரமும் உயிருள்ள சென்சார் இருக்கிறது' என்ற வாக்கியம் அனுமதி கேட்கும் விண்ணப்பத்தில் நன்றாக உட்காரும். தோண்டக் கூடாத இடத்தில் தோண்டுவதற்குச் சிப்பியே சிபாரிசுக் கடிதமாக மாறிவிடும் ஆபத்து அதில் இருக்கிறது.

இதற்கு ஒரு மறுப்பு சொல்லலாம், அது நியாயமானதுதான். உடனடி வால்வு இல்லை என்பதற்காகக் கண்ணை மூடிக்கொள்வதா? சாட்சியாவது இருக்கட்டுமே. இதே ஆர்க்கஷோனில் 1970களின் கடைசியில் சிப்பிகளின் ஓடுகள் கோணலாகி, குஞ்சுகளும் பிழைக்காமல் போயின. படகுகளுக்கு அடிக்கும் டிபிடி என்ற பெயிண்ட் நச்சுதான் காரணம் என்று தெரிந்தது. 1982இல் பிரான்ஸ் சின்னப் படகுகளுக்கு அதைத் தடை செய்தது. வருடக்கணக்கில் தாமதம், ஆனால் பதில் வந்தது. எனவே என் விதியைத் திருத்திக்கொள்கிறேன். பதில் மெதுவாக வரலாம். ஆனால் பதில் சொல்லும் பொறுப்பை யாராவது முன்கூட்டியே தலையில் ஏற்றிருக்க வேண்டும்.

அப்படி யாரும் ஏற்காத இடம் எப்படி இருக்கும் என்று பார்க்கத் துருவம்வரை போக வேண்டியதில்லை. ஜமுனாமரத்தூரிலிருந்து பஸ் பிடித்தால் அன்றைக்கே போய்விடக்கூடிய எண்ணூர் போதும்.

2017இல் அதே ஜனவரி 28. விடிவதற்கு முன் காமராஜர் துறைமுகத்துக்கு வெளியே பிடபிள்யூ மேப்பிள், டான் காஞ்சிபுரம் என்ற இரண்டு கப்பல்கள் மோதின. எண்ணெயால் மாசு இல்லை என்றுதான் முதலில் துறைமுகத் தரப்பு சொன்னது. கரையில் தார் போல எண்ணெய் ஒதுங்கியது. அதைப் பக்கெட்டில் அள்ளிய படங்கள் நாடு முழுக்கப் போயின. அடுத்தது 2023 டிசம்பர். மிக்ஜாம் புயல் மழையில், மணலி தொழிற்பேட்டைப் பக்கமிருந்து எண்ணெய் பக்கிங்காம் கால்வாய் வழியாகக் கொசஸ்தலை ஆற்றுக்கும் எண்ணூர் முகத்துவாரத்துக்கும் வந்தது. தங்கள் குழாய்களில் கசிவில்லை என்றது சிபிசிஎல் சுத்திகரிப்பு ஆலை. எண்ணெய் அந்த ஆலை வளாகத்திலிருந்தே வந்தது என்றது மாசுக் கட்டுப்பாட்டு வாரியம். விஷயம் பசுமைத் தீர்ப்பாயத்துக்குப் போனது. அதற்குள் வலையும் படகும் கறுத்துவிட்டன. காட்டுக்குப்பத்துக்காரர்கள் தங்கள் ஆற்றிலிருந்து எண்ணெயைத் தாங்களே அள்ளிக்கொண்டிருந்தார்கள். அதே மாதம் 26ஆம் தேதி இரவு, கடலுக்கடியில் போகும் ஓர் உரத் தொழிற்சாலைக் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்தது. பெரியகுப்பத்து ஜனங்கள் தூக்கத்தில் மூச்சுத் திணறி எழுந்துதான் அதை அறிந்தார்கள்.

அங்கே சிப்பிகளுக்குக் கம்பி கட்ட வேண்டிய அவசியமே இல்லை. சேற்றில் கையால் தடவி இறால் பிடிக்கிற இருளர் பெண்ணின் தோலுக்கும், படகு விடுகிறவரின் மூக்குக்கும் முதலில் தெரிந்துவிடும். அவர்கள் சொன்னார்கள், பல வருடங்களாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். அந்த அலர்ட் எந்த வால்வோடும் இணைக்கப்படவில்லை. கசிந்த பிறகு நிவாரணம் உண்டு, விசாரணை உண்டு. அவர்கள் சொன்ன உடனே எதுவும் நிற்பதில்லை. வார்சாவின் எட்டுச் சிப்பிகளுக்கு இருக்கும் அதிகாரம் எண்ணூரின் ஆயிரக்கணக்கான மனிதர்களுக்கு இல்லை. மூன்று மாதம் கழித்து ஓய்வும் இல்லை.

ஆலையின் மறுப்பைச் செய்தியில் படித்தபோது கோபம் வந்தது. கூடவே ஒரு கிணற்று மேடையும் இரண்டு ரூபாயும் ஞாபகம் வந்ததால் அந்தக் கோபத்தை முழுசாகப் பட முடியவில்லை.

5

போன பொங்கலுக்கு ஜமுனாமரத்தூர் போனேன். ஆயா இறந்து பல வருடம் ஆகிறது. அவர் மகள் இருக்கிறார், நான் அக்கா என்று கூப்பிடுவேன். சாமைச் சோறு போட்டார். சாப்பிட்டுவிட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருந்தபோது, அன்றைக்கு மருந்து டேங்க்கை மேடையில் கழுவியது நான்தான் என்று ஒருவழியாகச் சொன்னேன்.

அக்கா சிரித்தார். "தெரியுமே. கழுவி மேடை மேலயே கவுத்து வெச்சிட்டுப் போயிட்ட. ஆயா கண்ணுல படாமயா இருக்கும்?"

"அப்புறம் ஏன்க்கா என்ன ஒண்ணுமே கேக்கல?"

"உன்னக் கேட்டு இன்னா பண்றது? நீ சின்னப் பையன். மருந்து அடிச்சவனக் கூப்புட்டுப் பேசுச்சு. மேடை வெடிப்ப அடைக்கறதுக்கு சிமெண்டு அவன்தான் வாங்கியாந்தான். அது காயற வரிக்கும், கெணத்துல நல்லா ஊத்து ஊறி வர வரிக்கும் மீனு விடக் கூடாதுன்னுடுச்சு. ஒரு மாசம் ஓடையிலேர்ந்துதான் தண்ணி மொண்டுகினு வந்தோம். ஞாபகம் இல்ல?"

இல்லை. பழைய மீன் செத்தது, புது மீன் வந்தது, இரண்டுதான் ஞாபகத்தில் இருந்தது. நடுவில் ஒரு மாதம் இருந்ததையே மறந்திருந்தேன்.

எழுந்து பின்னால் போய்ப் பார்த்தேன். இப்போது தெருவில் குழாய் வந்துவிட்டது, குடிக்க யாரும் இறைப்பதில்லை. மேடையில் அந்தச் சிமெண்டுத் திட்டு இன்னும் இருக்கிறது, மற்ற இடத்தைவிடக் கொஞ்சம் வெளுப்பாக. உள்ளே எட்டிப் பார்த்தேன். இருட்டுக்குக் கண் பழகக் கொஞ்ச நேரம் ஆனது. அப்புறம் ஏதோ ஆடியது.